பெட்ரோல் ஆவிக் கட்டுப்பாட்டு அமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஒரு பட்டறையில் பெட்ரோல் கார்களின் மின்னணுக் கோளாறுகளைக் கண்டறிவது என் பணி. பெட்ரோல் வாடை, அணையாத செக் என்ஜின் விளக்கு, பங்க்கில் நிரப்பியபின் கிளம்ப மறுக்கும் என்ஜின் ஆகிய மூன்றுக்கும் பின்னால் பல நேரம் இருப்பது ஆவிக் கட்டுப்பாட்டு அமைப்புதான். ஆனால் அப்படி ஓர் அமைப்பு காரில் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. அதைப் பற்றி வாடிக்கையாளர்களும் இளம் மெக்கானிக்குகளும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதிப் பதில் தந்திருக்கிறேன்.

கேனிஸ்டர், கேனிஸ்டர் என்கிறீர்களே, அது என்ன? எதற்காக வைத்திருக்கிறார்கள்?

பெட்ரோல் டேங்கில் அசையாமல் கிடக்கும்போதும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வெயில் ஏறினால் அந்த ஆவியின் அழுத்தம் ஏறும், இரவில் குளிர்ந்தால் இறங்கும். எனவே டேங்க் மூச்சு விட்டாக வேண்டும். பழைய கார்களில் அந்த மூச்சு நேராக வெளிக்காற்றில் கலந்தது. இப்போது டேங்கின் மேற்பகுதியிலிருந்து புறப்படும் ஒரு குழாய், ஆவியைக் கரி நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குக் கொண்டு செல்கிறது. அந்தப் பெட்டிதான் கேனிஸ்டர். வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்பானில் இருப்பது போன்ற நுண்துளைக் கரியே அதிலும் இருக்கிறது. ஒரு கிராம் கரியின் உள்துளைகளை எல்லாம் விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். நம் கணக்கில் அது ஏறத்தாழ 25 சென்ட் நிலம். பெட்ரோல் ஆவி அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது.

என்ஜின் சூடானபின், பர்ஜ் வால்வு என்னும் சிறு மின்காந்த வால்வைக் கட்டுப்பாட்டுக் கணினி திறக்கிறது. அப்போது என்ஜினின் உறிஞ்சுவிசை வெளிக்காற்றைக் கேனிஸ்டர் வழியாக இழுக்க, கரியில் ஒட்டியிருந்த ஆவி அந்தக் காற்றோடு சென்று என்ஜினில் எரிந்துவிடுகிறது. கரியும் மறுபடி காலியாகிறது. ஆகவே கேனிஸ்டருக்கு டேங்க் பக்கம் ஒன்று, என்ஜின் பக்கம் ஒன்று, வெளிக்காற்றுப் பக்கம் ஒன்று என மூன்று வாய்கள் உண்டு. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை, இந்த மூன்றில் ஒன்று மூடியிருக்க வேண்டிய நேரத்தில் திறந்திருப்பதாலோ, திறந்திருக்க வேண்டிய நேரத்தில் அடைபட்டிருப்பதாலோ வருபவை.

கண்ணுக்கே தெரியாத ஆவிக்காக இவ்வளவு ஏற்பாடு தேவையா?

தேவை. 1950-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய புகைமூட்டத்தை ஆராய்ந்த ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியலாளர், எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று காட்டினார். தரைமட்டத்தில் ஓசோன் கண்ணையும் நுரையீரலையும் தாக்கும் நச்சு. கலிஃபோர்னியா 1970-ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்தும், மற்ற அமெரிக்க மாநிலங்கள் அதற்கடுத்த ஆண்டிலிருந்தும் ஆவிக் கட்டுப்பாட்டைக் கட்டாயமாக்கின. பெட்ரோலில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் இருக்கிறது. இந்தியாவில் அதன் அளவு ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி.

நம் நாட்டில் பி.எஸ். 6 என்னும் வாகன மாசு விதிப்படி, மூடிய அறைக்குள் காரை நிறுத்திச் செய்யும் சோதனையில் மொத்தமாக 2 கிராமுக்கு மேல் ஆவி வெளியேறக் கூடாது. ஒரு தேக்கரண்டிப் பெட்ரோலே மூன்றரைக் கிராமுக்கு மேல் இருக்கும் என்பதை நினைத்தால், இந்த அமைப்பு எவ்வளவு நுட்பமாக வேலை செய்ய வேண்டும் என்பது விளங்கும்.

டீசல் காரிலும் இது உண்டா? பைக்கில்?

டீசல் சாதாரண வெப்பத்தில் மிகக் குறைவாகவே ஆவியாவதால் டீசல் கார்களில் கேனிஸ்டர் கிடையாது. பி.எஸ். 6 பெட்ரோல் பைக்குகளிலும் ஸ்கூட்டர்களிலும் சிறிய கேனிஸ்டர் உண்டு. வேலை செய்யும் முறை ஒன்றுதான்.

என்ஜின் ஓடும்போது பானெட்டுக்குள் "டிக் டிக்" என்று ஒரு சத்தம். ஏதாவது கெட்டுவிட்டதா?

சீரான இடைவெளியில், என்ஜின் சூடானபின் மட்டும் கேட்கும் மெல்லிய டிக் ஒலி பெரும்பாலும் பர்ஜ் வால்வினுடையது. கணினி அதை ஒரேயடியாகத் திறந்து வைப்பதில்லை. நொடிக்குப் பலமுறை திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்து அளவைக் கட்டுப்படுத்துகிறது. வால்வின் மேல் விரலை வைத்தால் அதே தாளத்தில் அதிர்வு தெரியும். என்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களும் இதைப் போலவே ஒலிக்கும் என்பதால், தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது.

ஆட்டோ கட் ஆனபிறகு ரவுண்டாகப் போட்டுக்கொள்வது தப்பா? எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

என்னிடம் வரும் கேனிஸ்டர் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்தப் பழக்கத்தில்தான் தொடங்குகின்றன. பங்க் நாசிலின் முனையில் ஒரு சிறு துளை உண்டு. டேங்கில் பெட்ரோல் மட்டம் ஏறி அந்தத் துளையை மூடியதும் நாசில் தானாக நின்றுவிடும். அப்போதும் டேங்கின் மேற்பகுதியில் கொஞ்சம் வெற்றிடம் மிச்சம் இருக்கும். பெட்ரோல் சூட்டில் விரிவதற்கும் ஆவி சேர்வதற்கும் வேண்டுமென்றே விடப்பட்ட இடம் அது. 1,943 ரூபாயை 2,000 ஆக்குவதற்காக ஊழியர் நாசிலை விட்டுவிட்டு அமுக்கும்போது அந்த இடமும் நிரம்புகிறது.

அதன்பின் திரவப் பெட்ரோல் ஆவிக்குழாயில் ஏறி, வெயிலில் விரிந்து, கேனிஸ்டருக்குள் போய்விடும். ஆவியைப் பிடிப்பதற்கான கரி திரவத்தில் நனைந்தால் அது மீண்டும் முழுமையாகக் காய்வது கடினம். சில நேரம் கரித்துகள்களும் உதிரத் தொடங்கும். ஒருமுறை செய்ததால் கேனிஸ்டர் கெட்டுவிடாது. ஆனால் ஒவ்வொரு வாரமும் செய்து, ஏழாயிரம் எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய புதுக் காரிலேயே கேனிஸ்டரை மாற்ற நேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தொகை சுற்றாக வர வேண்டும் என்றால், நிரப்பத் தொடங்கும் முன்பே தொகையைச் சொல்லிவிடுங்கள். டேங்கை நிரப்ப வேண்டும் என்றால், முதல் ஆட்டோ கட்டோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

என் காரின் டேங்க் 37 லிட்டர் என்று கையேட்டில் இருக்கிறது. பங்க்கில் 41 லிட்டர் போட்டதாகக் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்கள்தானே?

உடனே அந்த முடிவுக்கு வர வேண்டாம். கையேட்டில் இருப்பது ஆட்டோ கட் ஆகும் மட்டத்தை ஒட்டிய அளவு. அதற்கு மேலே உள்ள வெற்றிடத்தையும் நிரப்புக் குழாயையும் சேர்த்தால் இன்னும் சில லிட்டர் கொள்ளும். முந்தைய பதிலில் சொன்னபடி ரவுண்டாகப் போட்டிருந்தால் 41 வருவது நடக்கக்கூடியதே. ஐயம் தீரவில்லை என்றால், பங்க்கில் இருக்கும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலனில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

வெயில் காலத்தில் ஃபுல் டேங்க் போட்டால் வெடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

ஒவ்வொரு கோடையிலும் இந்தச் செய்தி சுற்றுகிறது. இந்தியன் ஆயில் நிறுவனமே இதை மறுத்திருக்கிறது. மேலே சொன்ன வெற்றிடமும் ஆவிக்குழாயும் மூடியில் உள்ள பாதுகாப்பு வால்வும் அழுத்தத்தைத் தேங்க விடாது. ஆட்டோ கட் வரை நிரப்புவதில் எந்த ஆபத்தும் இல்லை.

டேங்க் மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்றுச் சத்தம் வருகிறது. சரிதானா?

மெல்லியதாக, ஓரிரு நொடியில் அடங்கினால் இயல்புதான். வெயிலில் நின்ற காரில் ஆவி வெளியேறும் ஒலியாகவோ, ஓடிவந்த காரில் காற்று உள்ளே செல்லும் ஒலியாகவோ அது இருக்கலாம். ஒவ்வொரு முறையும் பலமாக, நீண்ட நேரம் காற்று உள்ளே இழுக்கப்பட்டால் கேனிஸ்டரின் வெளிக்காற்று வாய் அடைபட்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் பெட்ரோல் பம்ப் சிரமப்படும்; பிளாஸ்டிக் டேங்க் உட்புறம் ஒடுங்கிப்போனதும் உண்டு.

மூடி தொலைந்தால் கிடைத்ததை வாங்கிப் பூட்டாதீர்கள். அளவு ஒத்துப்போனாலும் உள்ளிருக்கும் வால்வு வேறாக இருக்கலாம். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பதும், "டக்" ஒலி வரும் வரை திருகுவதும் போதும்.

காரில் ஏறினாலே பெட்ரோல் வாடை. கேனிஸ்டர்தான் போய்விட்டதா?

முதலில் பார்க்க வேண்டியது கேனிஸ்டரை அல்ல, திரவக் கசிவை. பின் இருக்கைக்கு அடியில் பெட்ரோல் பம்ப்பின் மூடி இருக்கும். அதன் ரப்பர் வளையம் சரியாக அமராவிட்டால் டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் வாடை வரும். பம்ப்பை அண்மையில் கழற்றிப் பூட்டியிருந்தால் முதல் ஐயம் அங்கேயே இருக்கட்டும். என்ஜின் பக்கத்தில் இன்ஜெக்டர் குழாயின் இணைப்புகளில் ஈரம் தெரிந்தால் காரை இயக்கவே வேண்டாம். இழுத்துச் செல்லும் வண்டியை அழையுங்கள். அது தீவிபத்துக்கான வழி. வாடைக் கோளாறு என்று எண்ணி ஒத்திப்போடக் கூடாது.

எங்கும் ஈரம் இல்லை, வாடை மட்டும் காரின் பின்புறத்தில் அடிக்கிறது என்றால் கேனிஸ்டரையும் அதன் குழாய்களையும் பாருங்கள். பல வாரம் வெயிலில் நிறுத்தியே வைத்திருக்கும் காரில் கோளாறு இல்லாமலேயே வாடை வரலாம். என்ஜின் ஓடினால்தான் கரி காலியாகும். ஓடாத காரில் கரி நிறைந்து, மிஞ்சிய ஆவி வெளியேறுகிறது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டியபின் வாடை மறைந்தால் வேறொன்றும் செய்யத் தேவையில்லை.

பெட்ரோல் போட்டவுடன் மட்டும் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. மற்ற நேரம் நன்றாக ஓடுகிறது. ஏன்?

பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே நின்றுவிட்டதற்கான மிகத் தெளிவான அடையாளம் இது. பெட்ரோல் உள்ளே ஏற ஏற, டேங்கிலிருந்த ஆவி கேனிஸ்டர் பக்கம் தள்ளப்படுகிறது. வால்வு ஒழுங்காக மூடியிருந்தால் அது கரியோடு நின்றுவிடும். திறந்திருந்தால் நேராக என்ஜினின் உள்ளிழுப்புக் குழாய்க்குள் போய் நிறைகிறது. பிறகு ஸ்டார்ட் செய்யும்போது, இன்ஜெக்டர் தரும் பெட்ரோலோடு இந்த ஆவியும் சேர்ந்து கலவை மிகச் செறிவாகி, பற்றவைப்பதே கடினமாகிறது. நடுத்தெருவில் இப்படி நின்றுவிட்டால் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். பல இன்ஜெக்ஷன் கார்களில், அப்படி மிதித்தால் கணினி பெட்ரோல் தெளிப்பதை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். கலவை தெளிந்து என்ஜின் பற்றிக்கொள்ளும்.

இதற்காகப் பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு வந்தவர்களைப் பார்க்கும்போது மிகவும் வருத்தமாக இருக்கிறது. "பெட்ரோல் போட்ட பிறகு மட்டும்" என்ற அந்த ஒரு சொல்லை மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பர்ஜ் வால்வு நன்றாக இருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, வால்விலிருந்து கேனிஸ்டர் பக்கம் போகும் குழாயைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வையுங்கள். குளிர்ந்த நிலையில் கணினி வால்வைத் திறக்காது என்பதால் உறிஞ்சுதல் இருக்கக் கூடாது. விரலைப் பிடித்து இழுத்தால் வால்வு கசிகிறது. என்ஜின் சூடானபின் விட்டுவிட்டு இழுப்பது இயல்பு. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வால்வைக் கழற்றியும் பார்க்கலாம். வாயால் ஊத வேண்டாம், உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும். ஒரு பெரிய ஊசிக்குழலில் ரப்பர் குழாய் பொருத்தித் தள்ளினால் போதும். மின்சாரம் இல்லாதபோது காற்று போகக் கூடாது. 12 வோல்ட் கொடுத்தால் "டக்" என்று திறந்து காற்றை விட வேண்டும். மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதைக் காரிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சுருளின் மின்தடை பெரும்பாலும் 20 முதல் 30 ஓம். சரியான எண்ணை அந்தந்தக் காரின் பணிமனைக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

ஐடிலில் என்ஜின் நடுங்குகிறது. ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறுக் குறியீடு, கலவை லீன் (பெட்ரோல் குறைவு) என்று வருகிறது. இன்ஜெக்டர் சுத்தம் செய்தும் போகவில்லை.

கசியும் பர்ஜ் வால்வு கலவையை இரு பக்கமும் கெடுக்கும். கரி ஆவியால் நிறைந்திருந்தால் கலவை செறிவாகும். கரி காலியாக இருந்தால், காற்று அளவுமானி கணக்கில் எடுக்காத வெறும் காற்று உள்ளே போய்க் கலவை மெலியும். எனவே பெட்ரோல் நிரப்பிய அன்று ஒரு மாதிரியும் நான்கு நாள் கழித்து வேறு மாதிரியும் ஸ்கேனர் எண்கள் காட்டும். இந்த முரண்தான் நல்ல துப்பு. வால்வின் என்ஜின் பக்கக் குழாயைச் சற்று நேரம் இடுக்கியால் நெரித்துப் பிடியுங்கள். நடுக்கம் நின்று, கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பதைக் காட்டும் கலவைத் திருத்த எண் சுழியத்தை நோக்கி வந்தால் குற்றவாளி வால்வுதான். இன்ஜெக்டரைத் தொடும் முன் இரண்டு நிமிடம் செலவிட்டு இதைச் செய்திருக்கலாம்.

வால்வைப் புதிதாக மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை, மறுபடி அதே கோளாறு. போலிப் பொருளா?

இருக்கலாம். ஆனால் கழற்றிய பழைய வால்வை ஒரு வெள்ளைத் துணியின் மேல் தட்டிப் பாருங்கள். கறுப்பு மணிகள் உதிர்ந்தால், கேனிஸ்டருக்குள் இருக்கும் கரி உடைந்து குழாய் வழியே வந்து வால்வின் இருக்கையில் சிக்கி, அதை மூட விடாமல் செய்கிறது. அப்படியானால் எத்தனை வால்வு மாற்றினாலும் பயனில்லை. கேனிஸ்டரை மாற்றி, இடையிலுள்ள நீண்ட குழாயின் இரு முனைகளையும் கழற்றிக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்தபின்தான் புது வால்வைப் பூட்ட வேண்டும்.

நாசிலை வைத்தாலே பத்து ரூபாய்க்கு ஒருமுறை கட் ஆகிறது. எந்தப் பங்க்குக்குப் போனாலும் இதே கதை.

எல்லாப் பங்க்கிலும் நடப்பதால் கோளாறு காரில்தான். பெட்ரோல் உள்ளே வர, டேங்கிலுள்ள காற்று வெளியேற வழி வேண்டும். அந்த வழி அடைபட்டால் பெட்ரோல் நிரப்புக் குழாயிலேயே தேங்கி நாசிலின் துளையை மூடிவிடுகிறது. கேனிஸ்டரின் வெளிக்காற்று வாயில் இருக்கும் சிறு வடிகட்டியில் மண்சாலைப் புழுதியும் சேறும் அடைவது இங்கே வழக்கமான காரணம். குளவி மண் வைத்து அடைத்ததையும் கண்டிருக்கிறேன். மூடியைத் திறக்கும்போது பலத்த காற்றொலி வருமென்று முன்பு சொன்னதும் இதே அடைப்பின் இன்னொரு முகம்.

பூச்சி புகுவது என்றால் சிலர் நம்புவதில்லை. அமெரிக்காவில் மாஸ்டா நிறுவனம் 2011-இலும், மீண்டும் 2014-இலும் மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தது. மஞ்சள் பைச் சிலந்தி என்னும் ஒரு வகைச் சிலந்தி ஆவிக்குழாயில் வலை பின்னி, டேங்குக்குக் காற்று போகாமல் அடைத்ததே காரணம்.

வெள்ளத்தில் கார் நின்றது. என்ஜினைச் சரிசெய்துவிட்டார்கள். ஆவி அமைப்பையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நீரில் நின்ற கார்களில் இது எளிதில் விடுபட்டுப்போகும் இடம். பல கார்களில் கேனிஸ்டர் அடிப்புறத்தில் டேங்கை ஒட்டியே இருக்கிறது. தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு ஏறினாலே வெளிக்காற்று வாய் வழியாக உள்ளே புகலாம். கழற்றி எடுத்துப் பார்த்தால் கனமும் உள்ளே தளும்பும் ஒலியும் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீரில் ஊறிய கரியைக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்பவர்களின் பேச்சைக் கேட்காமல் மாற்றிவிடுங்கள். காப்பீட்டுக் கணக்கெடுப்பின்போதே இதையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் பிடுங்கிவிட்டுக் குழாயை அடைத்துவிட்டால் தொல்லை விட்டதே?

தொல்லை கூடும். டேங்க் பக்கக் குழாயை அடைத்தால் டேங்க் மூச்சுத் திணறும்; திறந்து விட்டால் காரின் அடியில் எரிவளி சேரும். கணினியும் வால்வின் மின்சுற்று அறுந்ததாக விளக்கை எரியவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, காற்று மாசுத் தரத்தை மீறும் வாகனத்தை ஓட்டினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். புகைச் சான்றிதழ் கிடைத்துவிட்டதே என்பது பதிலாகாது. அந்தச் சோதனை புகைக்குழாயிலிருந்து வருவதை மட்டுமே அளக்கிறது.

இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் இந்த அமைப்புக்குப் பாதிப்பு உண்டா?

எத்தனால் தனியாக இருக்கும்போது பெட்ரோலைவிட மெதுவாகவே ஆவியாகும். ஆனால் பெட்ரோலில் சிறிதளவு கலந்தால் கலவையின் ஆவியழுத்தம் உயர்கிறது. பத்து சதவீதத்தை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, அதன்பின் மெல்ல இறங்குகிறது. ஆகவே கேனிஸ்டருக்குப் பெரிய கூடுதல் சுமை இல்லை. கவலை ரப்பர் குழாய்களைப் பற்றியதுதான். 2023-க்கு முந்தைய கார்களில் குழாய் உப்பியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி காரில் பி0456 வருகிறதாம். மூடியை மாற்றியும் போகவில்லை. நம் ஊர்க் கார்களில் அந்தக் குறியீடு ஏன் வருவதில்லை?

இங்கே விற்கப்படும் பெரும்பாலான கார்கள் பர்ஜ் வால்வின் மின்சுற்றை மட்டுமே கண்காணிக்கின்றன. எனவே பி0443, பி0458, பி0459 போன்ற குறியீடுகளே நமக்கு வரும்; வயர், இணைப்பான், வால்வுச் சுருள் என்ற வரிசையில் பார்த்தால் முடிந்துவிடும். அமெரிக்கக் கார்கள் முழு அமைப்பையும் மூடி, அழுத்தம் நிற்கிறதா என்று தாங்களே சோதிக்கும். 1 மில்லிமீட்டர் துளைக்குச் சமமான கசிவைக் கண்டால் பி0442, அதில் பாதி அளவுக்கே பி0456, பெரிய கசிவுக்கு பி0455. அரை மில்லிமீட்டர் துளையைக் கண்ணால் தேடுவது வீண். குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்தும் கருவியால் சோதித்தால், கசியும் இடத்தில் புகை தெரியும். காற்றழுத்தக் கருவியை நேராக மாட்டுவது மிக ஆபத்தானது: டேங்குக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் வெடிக்கும் கலவையாகும், பாகங்களும் பிளக்கும்.

பழுது பார்த்தபின் விளக்கை அணைத்தவுடன் மாசுச் சான்றிதழுக்கான சோதனைக்குப் போக வேண்டாம் என்றும் உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள். கார் தானே செய்யும் இந்தக் கசிவுத் தற்சோதனை ஓடுவதற்கு டேங்க் ஏறத்தாழ 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கார் இரவு முழுவதும் நின்று குளிர்ந்திருக்க வேண்டும். அதனால் முடிவு வரச் சில நாள்கள் ஆகும். கலிஃபோர்னியாவில் 2000-ஆம் ஆண்டும் அதற்குப் பிந்தையதுமான பெட்ரோல் கார்களுக்கு இந்த ஒரு தற்சோதனை மட்டும் முடியாமல் இருந்தாலும் சான்றிதழ் தருகிறார்கள். மற்றவை முடிந்திருக்க வேண்டும். அரை டேங்க் பெட்ரோலோடு, ஒரு வாரம் வழக்கம்போல் வேலைக்குப் போய்வந்தால் போதுமானது.